ஒரே கணக்கு, இரண்டு கணினி: கும்பகோணம் பக்கத்து இரண்டு கட்டு வீட்டில் நடந்தது

பின்னணி

அரசலாற்றங்கரையை ஒட்டிய ஊர் அது. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம். வீடு பழைய காலத்து இரண்டு கட்டு வீடு. தெருவை ஒட்டித் திண்ணை, அதைத் தாண்டி ரேழி, முற்றமும் அதைச் சுற்றிக் கூடமும், அப்புறம் சமையலறையோடு இரண்டாம் கட்டு, கடைசியில் கொல்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசற்படியிலிருந்து கொல்லைக் கதவு வரை 120 அடிக்குக் கொஞ்சம் மேலேயே வரும். குறுக்குச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடி கனம். இந்த நீளமும் கனமும் பின்னால் வேலையைத் தீர்மானித்தன என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் வரிக்கணக்கு பார்ப்பவர். சுற்றுவட்டாரத்து அரிசி மண்டிகள், உரக்கடைகள், பாத்திரக்கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது தொழில். ரேழியை ஒட்டிய அறைதான் ஆபீஸ், முதல் கணினி அங்கேதான். தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் இழுத்து, ஃபைபர் வந்து முடியும், ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட் உள்ள சின்ன ஓஎன்யூ பெட்டியைச் சுவரில் மாட்டி, அதிலிருந்து கணினிக்கு நேராக ஒரு கேபிள் கொடுத்திருந்தார்கள். காலையில் கணினியைப் போட்டதும் பிராட்பேண்ட் ஐகானைத் திறந்து 'கனெக்ட்' அழுத்தினால் நெட் வந்துவிடும். இப்படியே சில வருடங்கள் ஓடியது, யாருக்கும் குறையில்லை.

அவர் மனைவிக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று கிடைத்தபோதுதான் இரண்டாவது கணினி வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. அங்கே பகல் என்றால் இங்கே இரவு, ஆகவே ஷிப்ட் மாலை ஆறரையிலிருந்து அதிகாலை மூன்றரை வரை. கம்பெனியே டெஸ்க்டாப் அனுப்பி, கேபிளில் மட்டுமே இணைக்க வேண்டும், வைஃபை கூடாது என்று நிபந்தனையும் போட்டிருந்தது. ராத்திரி நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டுமே என்று, முன்பு பத்தாயம் இருந்த இரண்டாம் கட்டு அறையை அவருக்கு ஒதுக்கினார்கள். ஆக, நெட் வருமிடம் தெருப் பக்கம், அது தேவைப்படும் இடம் கொல்லைப் பக்கம்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன் செய்தவை

முதலில் ஊர் எலக்ட்ரீஷியன் வந்தார். ஒரு நெட்வொர்க் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரிக்கும் ஐந்து போர்ட் ஸ்விட்ச் பெட்டி ஒன்று வாங்கி ஓஎன்யூவுக்கும் முதல் கணினிக்கும் நடுவில் போட்டு, ஸ்விட்சிலிருந்து இரண்டாம் கட்டுக்குக் கேபிள் இழுத்தார். இரண்டு கணினியிலும் அதே ஐகான், அதே யூசர்நேம். ஒன்று இணைந்திருக்கும்போது மற்றதில் 'கனெக்ட்' கொடுத்தால் 691 என்ற பிழை எண் வந்தது. ஒன்றை 'டிஸ்கனெக்ட்' செய்தால் மற்றதில் நெட் வந்தது.

அதன்பின் கும்பகோணத்தில் ஒரு கடையில் கேட்டு ரவுட்டர் வாங்கினார்கள். கடைப் பையன் வந்து செருகிப் பார்த்தான், வைஃபை பெயர் போனில் தெரிந்தது, நெட் மட்டும் வரவில்லை. "லைன்ல பிரச்சினை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ரவுட்டர் அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு குடும்பம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. பகலில் கணவர், மாலை ஆறரைக்கு மேல் மனைவி. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடம் வாய்க்காலுக்கு முறை வைத்து விடுவதைப் போல நெட்டுக்கும் முறை வைத்தார்கள். மாதத்தின் பெரும்பாலான நாள் இது ஓடியது. ஓடாத நாட்களும் முன்கூட்டியே தெரிந்தவைதான். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதி 11, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசித் தேதி 20. அதற்கு முந்தின நாளும் அன்றைக்கும் கணவருக்கு ராத்திரி பத்து மணிக்கும் நெட் வேண்டும், மனைவிக்கோ ஷிப்டில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இதுபோக, தன் முறை வரும்போதும் மனைவிக்கு இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஷிப்டுக்கு நடுவே காணாமல் போகிறார் என்று அவருடைய மேலாளர் இரண்டாவது எச்சரிக்கை அனுப்பியிருந்தார். புது வேலை, தகுதிகாண் காலம் வேறு. என்னைக் கூப்பிட்டது அந்தக் கட்டத்தில்தான், 20-ம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு.

பார்த்தவை

எந்த ஒயரையும் கழற்றாமல், முதல் கணினியில் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து, கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்தேன். இரண்டு பகுதி வந்தது. ஈதர்நெட் என்ற பகுதியில் 169.254 என்று தொடங்கும் முகவரி. பிராட்பேண்ட் என்ற பகுதியில் 100.72 என்று தொடங்கும் முகவரி. பின்னறைக் கணினியில் 169.254 மட்டும்தான் இருந்தது.

இந்த மூன்று வரியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. 169.254 என்பது யாரும் முகவரி கொடுக்காதபோது கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி. ஆகவே ஓஎன்யூ இந்த வீட்டில் முகவரி கொடுக்கும் பெட்டி அல்ல, வெளிச்சத்தைக் கேபிள் சமிக்ஞையாக மாற்றி உள்ளே விடுவதோடு அதன் வேலை முடிகிறது. ஸ்விட்சும் முகவரி கொடுக்காது. வந்ததை எந்தப் போர்ட்டுக்கு அனுப்புவது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே நுழைவது கணினியேதான். பிபிபிஓஇ என்கிற இந்த முறையில், நுழைந்தவருக்கு இணைப்பு தரும் நிறுவனம் ஒரு முகவரி தரும். ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் ஒரு நுழைவைத்தான் இந்த இணைப்பில் அனுமதித்தார்கள். இரண்டாவதாகத் தட்டுபவருக்கு 691. பாஸ்வேர்ட் தவறு என்றாலும் இதே எண்தான் வரும். அதனால்தான் மனைவி பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்திருக்கிறார்.

சில உள்ளூர் இணைப்புகளில் முதலில் மாட்டிய கணினியின் மேக் முகவரியோடு, அதாவது கருவியோடேயே வரும் அடையாள எண்ணோடு, கணக்கைப் பூட்டி வைப்பார்கள். அப்படியிருந்தால் புது ரவுட்டர் நுழையவே முடியாது. இங்கே அந்தப் பூட்டு இல்லை என்பதற்கு வீட்டார் முறை வைத்ததே சான்று. இரண்டு வெவ்வேறு கணினிகளும் மாறி மாறி நுழைந்திருக்கின்றன.

அட்டைப்பெட்டியிலிருந்த ரவுட்டரை எடுத்து, ஓஎன்யூவோடு சேர்க்காமல் என் லேப்டாப்பில் மட்டும் செருகித் திறந்தேன். இணைப்பு வகை 'டைனமிக் ஐபி' என்று, ரவுட்டர் தயாரித்த கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. அதாவது வெளியிலிருந்து யாரோ தானாக முகவரி கொடுப்பார்கள் என்று அது காத்திருந்திருக்கிறது. இங்கே யூசர்நேம் பாஸ்வேர்ட் கேட்காமல் கொடுப்பவர் யாருமில்லை. லைனில் பிரச்சினை எதுவும் இல்லை.

இணைப்பு ஏன் அறுந்தது

வீட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னார்கள்: ஒரே கணக்கு, அதனால் தகராறு. ஆனால் மனைவி தன் முறையில், கணவரின் கணினி அணைந்திருக்கும்போதும் இணைப்பு அறுகிறது என்றால், அதற்குக் கணக்கு காரணமாக இருக்க முடியாது. இந்த ஒரு கேள்வியைத் தனியாக எடுத்துக்கொண்டதுதான் இந்த வேலையிலேயே பயனுள்ள காரியம் என்று நினைக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் இழுத்த கேபிளின் ஒரு முனையில் என் லேப்டாப், மறு முனையில் கம்பெனி டெஸ்க்டாப். கேபிள் நல்லதாக இருந்தால் வேகம் 1000 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்று காட்ட வேண்டும், குறைந்தது 100 என்றாவது காட்ட வேண்டும். ஒரு சமயம் 10 காட்டியது, கொஞ்ச நேரத்தில் 'அன்பிளக்டு' என்று வந்து மறுபடி ஒட்டியது. கேபிள் டெஸ்டரைப் போட்டால் எட்டு விளக்கும் வரிசையாகப் பச்சை. எலக்ட்ரீஷியனும் இதைத்தான் பார்த்துவிட்டு "கேபிள் ஓகே" என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்த்த அளவில் அது சரிதான்.

பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடி ஜோடியாக, பார்க்க ஒழுங்காக இருந்தது. மறு முனையிலும் இதே வரிசை. கோளாறு இந்த ஒழுங்கில்தான். இந்த பிளக்கில் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. 100 எம்பிபிஎஸ் இணைப்பு அனுப்புவதும் வாங்குவதும் 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடிகளில். ஒவ்வொரு ஜோடியின் இரண்டு கம்பியும் கேபிளுக்குள் ஒன்றோடொன்று முறுக்கியவையாக இருக்க வேண்டும். முறுக்கு இருப்பதால்தான் ஒரு ஜோடியின் இரைச்சல் இன்னொன்றில் ஏறாமல் இருக்கிறது. இந்த பிளக்கில் 3-ல் வெள்ளை-நீலம், 6-ல் பச்சை. இரண்டும் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்தவை. மின்சாரம் போகிறது, டெஸ்டர் பச்சை காட்டுகிறது, ஆனால் தகவல் கலங்குகிறது. இரண்டு மீட்டர் கேபிளில் இதே தவறு இருந்தாலும் பெரும்பாலும் ஓடிவிடும். இங்கே நாற்பது மீட்டருக்கு மேல்.

சரியான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நீல ஜோடி நடுவில், பச்சை ஜோடி அதன் இரண்டு பக்கமும். பார்வைக்குக் கோணலாக இருப்பதால், வீட்டு ஒயரிங் செய்து பழகிய கை அதை நேராக்கிவிடுகிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேபிளையே மாற்றவேண்டுமா என்று பார்க்க, வெட்டிய துண்டில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். உள்ளேயும் சிவப்பு, முழுச் செம்பு. சுரண்டும்போது வெள்ளையாக வந்திருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள், இந்த நீளத்துக்கு அதை நம்ப முடியாது. இது நல்ல கேபிள். பிளக் மட்டும்தான் தவறு.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, அன்றைக்கு நுழைவுக் கணக்கைத் தொடக் கூடாது என்பது. ரவுட்டர் நுழைய வேண்டுமானால் பாஸ்வேர்ட் வேண்டும். கணவரிடம் அது இல்லை. கணினியில் சேமித்து வைத்தது புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது, எழுதிக் கொடுத்த சீட்டும் தொலைந்துவிட்டது. நிறுவனத்திடம் கேட்டால் புதிதாக மாற்றித் தருவார்கள், மாற்றியதும் பழையது செல்லாது. நடுவில் ஏதாவது சிக்கிக்கொண்டால் 20-ம் தேதிக்கு முன் இருபது முப்பது கடைகளின் ரிட்டர்ன் நிற்கும், தாமதக் கட்டணம் அவர்கள் தலையில் விழும். ரவுட்டர் வேலையை 21-ம் தேதிக்குத் தள்ளிவைத்தோம். கணவர் இன்றைக்கே முடித்துவிடலாமே என்று கேட்டார். மனைவிதான் "மொதல்ல ரிட்டர்ன் முடியட்டுங்க" என்றார். அவர் சொன்னது சரி.

இரண்டாவது, கேபிளை அன்றைக்கே சரிசெய்வது. அதைத் தொட்டால் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு முனையும் வெட்டிச் சரியான வரிசையில் புது பிளக் அழுத்திப் பொருத்தியதும் 1000 எம்பிபிஎஸ் காட்டியது, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தொடர்ந்து பிங் என்னும் சோதனைச் செய்தி விட்டதில் ஒன்றும் தவறவில்லை. 21-ம் தேதி வரை முறை வைத்தபடியே, ஆனால் அறுபடாமல் வேலை நடந்தது.

மூன்றாவது, ரவுட்டரை நுழைய வைத்து, ஸ்விட்சை எடுத்துவிடுவது. ரவுட்டரிலேயே வீட்டுக் கருவிகளைச் செருகும் லேன் போர்ட் நான்கு இருக்கும்போது அது தேவையில்லை. ஒரு நல்ல ஸ்விட்சைக் கழற்றி அலமாரியில் வைப்பது கணவருக்கு மனமில்லாத காரியமாக இருந்தது. ஆனால் வீட்டில் பெட்டி குறையக் குறையக் கோளாறு தேடுவது சுலபம், அதோடு கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் ஓட வேண்டியதும் ஒன்று குறைகிறது.

வைஃபையில் முடித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனி நிபந்தனை ஒரு பக்கம் இருக்கட்டும். ரேழியில் வைக்கும் ரவுட்டருக்கும் பத்தாய அறைக்கும் நடுவே மூன்று ஒன்றரை அடிச் சுவர், அதற்கும் நடுவே இரண்டு இரும்பு பீரோ. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் கூடத்தைத் தாண்டவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சமையலறை வாசலோடு நின்றது. கேபிள் எப்படியும் வேண்டியிருந்தது.

கேபிள் போகும் வழி மட்டும் கொஞ்சம் மாறியது. எலக்ட்ரீஷியன் அதை முற்றத்தின் குறுக்கே, வானம் பார்க்க இழுத்திருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும், மீதி மாதம் வெயிலில் உறை வெடிக்கும், அணில் கடிக்கும். தாழ்வாரத்தின் உள்பக்கமாகப் பிவிசி குழாயில் விட்டோம். அங்கே கூடத்துத் தேக்குத் தூண் ஒன்று குறுக்கே வந்தது. வீட்டுப் பெரியவர் பக்கத்தில் நின்று, "தூண்ல ஆணி வேண்டாம் தம்பி, சுவத்துல எங்க வேணாலும் அடிச்சுக்குங்க" என்றார். தூணைச் சுற்றிப் போனதில் மூன்று நான்கு அடி கூடுதலாயிற்று. கேபிளில் அதற்கு மிச்சம் இருந்தது. ஈதர்நெட் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், நாம் அதில் பாதிகூட இல்லை.

21-ம் தேதி

நிறுவனத்துக்குப் போன் போட்டு பாஸ்வேர்டை மாற்றி வாங்கினார் கணவர். ரவுட்டரில் இணைப்பு வகையை பிபிபிஓஇ என்று மாற்றி, யூசர்நேமும் புது பாஸ்வேர்டும் கொடுத்துச் சேமித்தோம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை முக்கியம்: முதல் கணினியில் முறையாக 'டிஸ்கனெக்ட்' கொடுப்பது. கேபிளைப் பட்டென்று பிடுங்கினால், அந்தப் பக்கத்துச் சர்வருக்கு நாம் போய்விட்டது உடனே தெரியாது. பழைய நுழைவு இன்னும் இருப்பதாக நினைத்து, புதிதாக வருபவருக்குச் சில நிமிடம் 691-ஐயே காட்டும். கரண்ட் போய் வந்தபின் சில வீடுகளில் நெட் தாமதமாக வருவதற்கும் இது ஒரு காரணம்.

ஓஎன்யூவிலிருந்து வரும் கேபிள், வெளி இணைப்புக்கென்று ரவுட்டரில் இருக்கும் 'வான்' (WAN) போர்ட்டில். முதல் கணினியும் பின்னறைக் கேபிளும் லேன் போர்ட்டுகளில். ரவுட்டர் உள்ளே நுழைந்து, வீட்டுக்குள் 192.168.1.1 என்று தானிருந்து, கேட்கும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.100 முதல் முகவரி கொடுக்கத் தொடங்கியது. இரண்டு கணினியிலும் ஒரே நேரத்தில் நெட் வந்தது.

ஒரே கணக்கில் இது எப்படி முடிகிறது என்று பெரியவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பழைய முறை ஐபி முகவரி 32 பிட். மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகத்துக் கருவிகளுக்கு அது போதாது. அதனால் வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ளே மட்டும் புழங்க 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கும் சில வரிசைகளை ஒதுக்கிவிட்டார்கள். 1996-ல் எழுதிய விதி அது. ஒவ்வொரு வீட்டிலும் அதே 192.168.1.100 இருக்கலாம், வெளியே அது போகாது. கணினி ஒன்றைக் கேட்டதும், ரவுட்டர் அந்தக் கேள்வியின் மேல் தன் முகவரியைப் போட்டு, எந்தக் கணினி எந்த போர்ட் எண்ணில் (கேபிள் செருகும் போர்ட் அல்ல, கேள்வியோடு போகும் ஓர் அடையாள எண்) கேட்டது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டு அனுப்பும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் வீட்டில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். ஆகவே ஒரு கணக்கு போதும். இந்த வேலைக்குத்தான் 'நாட்' (NAT) என்று பெயர். இந்த வீட்டின் வெளி முகவரியே 100.72 என்று இருந்தது. 100.64 முதல் 100.127 வரை உள்ள அந்த வரிசை, இணைப்பு நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள 2012-ல் ஒதுக்கியது. அதாவது நிறுவனமும் அங்கே இன்னொரு முறை இதே வேலையைச் செய்கிறது. கணவரின் ரிட்டர்னுக்கோ, மனைவி தன் கம்பெனியோடு பாதுகாப்பாக இணையும் விபிஎன்னுக்கோ இதனால் தடையில்லை. வீட்டில் ஒரு சர்வரை வைத்து வெளியூரிலிருந்து நேராக உள்ளே வரவேண்டும் என்றால்தான் தடை.

பிறகு முதல் கணினியிலிருந்து பிராட்பேண்ட் ஐகானை அழித்தேன். சில வருடப் பழக்கம், காலையில் கை தானாக அங்கே போகும். இப்போது அதை அழுத்தினால் பிழைதான் வரும், அதைப் பார்த்து நெட் போய்விட்டது என்று பயப்படுவார்கள். ரவுட்டரின் உள்ளே போகும் பாஸ்வேர்டையும் மாற்றினோம். நோயாளிகளின் விவரம் வந்துபோகும் கணினி என்பதால், கம்பெனி டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் வகையை 'பப்ளிக்' என்று வைத்தோம், வீட்டின் மற்றக் கருவிகளுக்கு அது கதவைத் திறக்காது. ஓஎன்யூவும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில்.

அந்த இரவு ஷிப்ட் முடியும்வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. அடுத்த மாதம் 11-ம் தேதி இரவு கணவர் முன்னறையிலும் மனைவி பின்னறையிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். மேலாளரிடமிருந்து எச்சரிக்கை அதோடு நின்றது. தகுதிகாண் காலமும் முடிந்தது.

பொங்கலுக்குப் பிறகு

தை மாதம், சம்பா அறுவடை நடக்கும் சமயம், மறுபடி போன். நெட் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. காலையில் வந்தவருக்கு மாலையில் இல்லை. போன்களில் வைஃபை முழுப் பட்டை காட்டுகிறது, ஒன்றும் திறக்கவில்லை.

இப்படி ஆளுக்கொரு விதமாகக் கோளாறு காட்டினால், வீட்டில் முகவரி கொடுப்பவர் இருவர் ஆகிவிட்டார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பின்னறைக் கணினியில் ஐபிகான்ஃபிக் கொடுக்கச் சொன்னேன். 192.168.0.105, கேட்வே (வெளியே போக வழி தரும் பெட்டியின் முகவரி) 192.168.0.1 என்று படித்தார் மனைவி. நம் ரவுட்டர் 192.168.1.1. யாரிது புதிதாக?

பொங்கலுக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன், இரண்டாம் கட்டில் வைஃபை இல்லையே என்று, சென்னையில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். சுவரிலிருந்து வரும் கேபிள் அதன் லேன் போர்ட்டில், டெஸ்க்டாப் இன்னொரு லேன் போர்ட்டில். உள்ளே முகவரி கொடுக்கும் வேலை, டிஎச்சிபி, அணைக்கப்படவில்லை. அவன் எண்ணம் நல்லது, தேவையும் உண்மை. பின்கட்டில் போனுக்கு சிக்னல் இல்லாமல் வீட்டுப் பெண்கள் கூடத்துக்கு நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

புதிதாகச் சேரும் கருவி "எனக்கு முகவரி யார் தருவது?" என்று வீடு முழுக்கக் கேட்கும். பெரும்பாலும் முதலில் பதில் சொல்பவரையே அது ஏற்றுக்கொள்ளும். முன் ரவுட்டர் முந்தினால் நெட் உண்டு. பழைய ரவுட்டர் முந்தினால், வெளியே போக வழியில்லாத அதையே வாசலாக நினைத்துக்கொண்டு கருவி உட்கார்ந்திருக்கும். ஏற்கனவே சரியான முகவரி வாங்கியவை அதை வைத்தே கொஞ்ச காலம் ஓடும். அதனால்தான் ஆளுக்கொரு கதை.

கழற்றிவிடுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் பின்கட்டுக்கு வைஃபை வேண்டும். பழைய ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்தோம். அதன் முகவரியை, முன் ரவுட்டர் கொடுக்கும் வரிசைக்கு வெளியே, 192.168.1.2 என்று வைத்தோம். வான் போர்ட்டில் எதுவும் செருகக் கூடாதென்று அதன் மேல் டேப் ஒட்டினோம். முன்னால் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, பின்னால் 11, இரண்டும் ஒன்றையொன்று மோதாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. பழைய பெட்டி இப்போது ஸ்விட்சும் வைஃபையும் மட்டும். முகவரி கொடுப்பது முன்னால் இருக்கும் ஒன்றே.

அடுத்த வீட்டில் மாறுபவை

ஓஎன்யூ வைக்க வந்த அன்றே, யூசர்நேம் பாஸ்வேர்டை வாங்கி மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்கிறேன். பாஸ்வேர்ட் இருந்திருந்தால் இந்த வீட்டில் 20-ம் தேதியைப் பற்றிய கவலையே வந்திருக்காது. கூடவே இன்னொரு காகிதம்: முகவரி கொடுக்கும் பெட்டி எது, அதன் எண் என்ன, வேறு பெட்டி வைப்பதானால் டிஎச்சிபியை அணைத்துவிட்டு வைக்கவும் என்று, பெரிய எழுத்தில். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்காக.

கேபிளைப் பொறுத்தவரை, விளக்கு எரியும் டெஸ்டரோடு நிறுத்தாமல் இரண்டு முனையிலும் கருவி போட்டு எத்தனை எம்பிபிஎஸ் காட்டுகிறது என்று பார்த்தபின்தான் முடிந்தது என்று சொல்ல வேண்டும். ஊர் எலக்ட்ரீஷியனிடம் அந்த வண்ண வரிசையை எழுதிக் கொடுத்தேன். அவர் இப்போது அதைப் பர்சில் வைத்திருக்கிறார், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு அதன்படியே செய்தும் கொடுத்திருக்கிறார்.

கணவர் இப்போது கொல்லையில், மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், தனியாக ஓர் ஆபீஸ் கட்டுகிறார். அங்கே மூன்றாவது கணினி வரும். ஒரே கூரைக்குள் என்றால் செம்புக் கேபிள் போதும். தனிக் கட்டடத்துக்கு வெட்டவெளியைத் தாண்டிச் செம்பு இழுப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. வடகிழக்குப் பருவமழையில் அருகில் எங்காவது இடி விழுந்தால், அந்தக் கம்பி வழியாக ஏறும் மின்னழுத்தம் இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகளைப் பொசுக்கிவிடும், சில சமயம் கணினியின் மதர்போர்டையும். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் போகாது. இரண்டு முனையிலும் ஒளியையும் மின்சமிக்ஞையையும் மாற்றிக்கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து, நடுவில் இரும்பு இல்லாத ஃபைபர் என்று முடிவு செய்திருக்கிறோம். மோட்டார் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்திலேயே அதற்கான குழாயும் இப்போதே புதைத்தாயிற்று. சுவர் பூச்சு முடிந்ததும், ஐப்பசிக்கு முன் இழுக்க வேண்டும்.